சிறு சோதனையும் பெருஞ் சோதனையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சிவபெருமானது திருவருளை முன்னிட்டு இன்று நாம் இங்கே கூடியிருக்கின்றோம். நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் சோதனை என்பதாகும். சோதனை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் நினைவுக்கு வருவன பெருங் காரியங்களே. திருநாவுக்கரசு நாயனாரை நீற்றறையில் இட்டது நினைவுக்கு வரும். சிறுத்தொண்ட நாயனார் தம் பிள்ளையையே கொடுக்க இசைந்தது நினைவுக்கு வரும். அரிச்சந்திரன் சுடலை காத்தது நினைவுக்கு வரும். இவற்றைப் புராண படனத்திலே கேட்கின்றோம், கண்ணீர் விடுகின்றோம். பின்னர், “அவர்கள் நாயன்மார்கள், நாமோ சாதாரண மனிதர்கள்” என்று சொல்லி வீட்டுக்குப் போய்விடுகின்றோம்.

இப்படிச் சொல்வது பணிவு போலத் தோன்றும். உண்மையிலே அது தப்பித்துக்கொள்ளும் வழியாகும். அப்பெரியோர் நீற்றறையிலே தம் பக்தியைத் தொடங்கினவர்களல்லர். அவர்களுடைய வாழ்க்கையிலே அதற்கு முன் பல காலைப்பொழுதுகள் இருந்தன. அக்காலைப்பொழுதுகளிலே அவர்கள் செய்தவை நீங்களும் நாமும் செய்யக்கூடிய காரியங்களே. ஆதலால் பெருஞ் சோதனையைப் பற்றி வியப்பதை ஒரு புறம் வைத்துவிட்டு, அதற்கு முன் நிகழ்ந்த சிறு சோதனைகளை நோக்குவோம். நமக்கு வேண்டிய பாடம் அங்கேதான் இருக்கின்றது.

குயவன் பானை வனைவதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரத்திலிருந்து எடுத்த பச்சைப் பானையை அவன் உடனே சூளையில் வைப்பதில்லை. முதலில் நிழலிலே உலர விடுகின்றான். பின்னர் தட்டுப்பலகை கொண்டு தட்டித் தட்டி இறுகச் செய்கின்றான். அதன் பின் வெயிலிலே வைக்கின்றான். ஈரம் முழுவதும் போன பிறகே நெருப்புக்குக் கொடுக்கின்றான். ஈரமுள்ள பானையை நெருப்பில் இட்டால் அது வெடித்துப்போகும். பானையை வெடிக்கச் செய்வது எது? நெருப்பன்று, உள்ளே நின்ற ஈரமே. நிழலும் தட்டும் வெயிலும் அந்த ஈரத்தை முன்னரே போக்கிவிட்டால், அதே நெருப்பு பானையைக் கெடுப்பதற்குப் பதிலாக உறுதிப்படுத்துகின்றது. நமது அன்றாடச் சோதனைகள் அந்த நிழலும் தட்டும் வெயிலுமாம்.

குயவர் குலத்திலேயே தோன்றிய ஒரு நாயனார் நமக்கு இதற்குச் சாட்சியாக இருக்கின்றார். தில்லையிலே வாழ்ந்த திருநீலகண்டக் குயவனார் இளமையிலே ஒரு தவறு செய்தார். மனைவியார் சினந்து, திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டலாகாது என்றார். நாயனார் அன்று தொடங்கி எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டாதவராயினார். இருவரும் ஒரே வீட்டிலே இருந்தனர். உலகம் அறியாதபடி அந்த ஆணையைக் காத்து, இளமை கழிந்து முதுமை வரும் வரையில் வாழ்ந்தனர். ஒரு நாள் இறைவன் சிவயோகியாக வந்து ஓர் ஓட்டைக் கொடுத்துப் பாதுகாக்கச் சொல்லி, பின் அதனை மறைத்தருளினார். திருடவில்லையென்று மனைவி கையைப் பிடித்துச் சத்தியஞ் செய்து தருமாறு தில்லைவாழந்தணர் சபையிலே வழக்காடினார். நாயனார் கையைப் பிடித்துவிட்டால் வழக்குத் தீரும், பழியும் போகும். ஒரு கணத்துக் காரியந்தான். ஆயினும் அவர் பிடிக்கவில்லை. தண்டு ஒன்றின் இரு தலையையும் இருவரும் பற்றிக் குளத்திலே மூழ்க முயன்றார். கடைசியில் ஊரறியத் தம் பழங்கதையைச் சொல்லிவிட்டார்.

சபை நடுவே அவருக்கு அந்த உறுதி எங்கிருந்து வந்தது? அன்று காலையிலே வந்ததன்று. ஆயிரமாயிரம் இரவுகளிலே, ஒருவரும் பாராத வீட்டினுள்ளே, அவர் காத்த ஆணையிலிருந்து வந்தது. ஒவ்வோர் இரவும் ஒரு சிறு சோதனை. அவற்றிலெல்லாம் தேறியவருக்குச் சபையிலே வந்த சோதனை பழகிய பாதையாகவே இருந்தது.

இன்னொரு நாயனாரைப் பார்ப்போம். சோழ நாட்டு நாகபட்டினத்துக் கடற்கரையிலே நுளைப்பாடி என்னும் ஊரிலே பரதவர் தலைவராக இருந்தவர் அதிபத்தர். வலையிலே மீன் அகப்பட்டவுடன் ஒரு மீனைச் சிவபெருமானுக்கென்று கடலிலே விட்டுவிடுவது அவர் நியமம். மீன் மிகுதியாக அகப்பட்ட நாட்களிலே இது பெரிய காரியமன்று. ஆயிரம் மீனிலே ஒரு மீனைக் கொடுப்பது யாராலும் இயலும். பின்னர் ஒரு காலம் வந்தது. வலையிலே நாளுக்கு ஒரே ஒரு மீன் அகப்பட்டது. அந்த ஒன்றையும் அவர் விட்டார். மறுநாளும் ஒன்று, அதையும் விட்டார். செல்வம் சுருங்கியது, சுற்றத்தார் பசித்தனர், அவர் உடம்பு மெலிந்தது. நியமம் மட்டும் மெலியவில்லை. இப்படிப் பல நாட்கள் சென்றபின் ஒரு நாள் வலையிலே பொன்னும் நவமணியுமாக ஒளிவிடும் ஒரு மீன் அகப்பட்டது. அன்று அகப்பட்டதும் அது ஒன்றே. அதனை எடுத்தால் பசி போகும், வறுமை போகும், ஏழு தலைமுறைக்கும் போதும். அதிபத்தர் அதையும் கடலிலே விட்டார்.

இந்த வரலாற்றிலே நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு உள்ளன. முதலாவது, பொன்மீன் எப்போது வந்தது என்பது. வலை நிறைய மீன் வந்த நாட்களிலே அது வரவில்லை. ஒற்றை மீனை விட்டு விட்டுக் கை பழகிய பின்பே வந்தது. பசியோடு ஒரு சாதாரண மீனை விடப் பழகாத கை, பொன்மீனை ஒரு நாளும் விட்டிராது. இரண்டாவது, பெருஞ் சோதனை எந்த வடிவிலே வந்தது என்பது. அது துன்பமாக வரவில்லை, செல்வமாக வந்தது. சோதனை என்றால் நோயும் வறுமையும் மரணமுமே என்று நாம் எண்ணுகின்றோம். வறுமையிலே உறுதியாக நின்ற பலர் வசதி வந்தபோது வழுவியதை நம் ஊர்களிலேயே கண்டிருக்கின்றோம். கையில் ஒன்றும் இல்லாதபோது கோயிலுக்கு நடந்து போனவர், வாகனம் வந்த பின்பு வாசலிலே நின்று கும்பிட்டுவிட்டுப் போகின்றார். இதுவும் சோதனையே. அவர் அதனைச் சோதனை என்று அறியாதிருப்பதே அதிலுள்ள அபாயம்.

இனித் திருநாவுக்கரசு நாயனாரிடம் வருவோம். நீற்றறையிலே ஏழு நாள் அடைக்கப்பட்டார். நஞ்சு கலந்த பாற்சோறு கொடுக்கப்பட்டார். யானையின் காலுக்கு எதிரே நிறுத்தப்பட்டார். கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலிலே எறியப்பட்டார். அக்கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூர்க் கரையிலே அவரைச் சேர்த்தது. இவற்றை நாம் சிறு பிராயந் தொட்டுக் கேட்டு வருகின்றோம். ஆனால் இந்தக் கதையின் தொடக்கம் அரசனுடைய சபையிலன்று. திருவதிகையிலே ஒரு பெண்ணின் கையிலிருந்த துடைப்பத்திலே இருக்கின்றது.

அவர் தமக்கையார் திலகவதியாரை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதிலே மணம் பேசப்பட்டது. மணம் நிகழுமுன் தந்தையார் நோயால் இறந்தார். தாயாரும் உடன் உயிர் நீத்தார். மணமகனாகக் குறிக்கப்பட்ட கலிப்பகையார் போர்க்களத்திலே மாண்டார். தாமும் உயிர் விடத் துணிந்தவர், சிறுவனாகிய தம்பி அழுது இரந்தபடியால் அவனுக்காக உயிர் தாங்கினார். வளர்த்த தம்பியோ வேறு சமயம் புகுந்து, அங்கே தருமசேனர் என்னும் பட்டமும் பெற்று, தமக்கையாரை விட்டுப் போய்விட்டார். இத்தனைக்கும் பிறகு அவ்வம்மையார் செய்தது யாது? திருவதிகை வீரட்டானத்தையடைந்து, நாள்தோறும் விடியுமுன் எழுந்து, திருக்கோயிலைக் கூட்டினார், மெழுகினார், பூ எடுத்து மாலை கட்டினார், தம்பியை மீட்டருளுமாறு விண்ணப்பஞ் செய்தார். நேற்றுச் செய்த விண்ணப்பத்துக்கு விடை வரவில்லை. இன்றும் கூட்டினார். நாளையும் கூட்டினார். இதைவிடப் பெரிய சோதனை வேறு என்ன வேண்டும்? விடை வராத நாளிலும் வேலையை விடாமற் செய்வதே அது.

சூலை நோயினால் வருந்தி ஓர் இரவிலே தம்பியார் வந்து தமக்கையார் காலில் விழுந்தார். அம்மையார் நீண்ட உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. திருவைந்தெழுத்தை ஓதித் திருநீற்றைக் கொடுத்தார். திருப்பள்ளியெழுச்சி வேளை வந்ததும் திருவலகையும் கோமயத்தையும் தோண்டியையும் எடுத்துக்கொண்டு வழக்கம் போலக் கோயிலுக்குப் புறப்பட்டார். தம்பியாரையும் உடன் அழைத்துச் சென்றார். அம்மையாருக்கு அது வழக்கமான ஒரு நாள். தம்பியாருக்கு அதுவே பிறவியின் திருப்பம். ஒருவர் இடையறாது செய்து வந்த சிறு தொண்டு மற்றொருவருக்கு வாசலாகத் திறந்தது.

அப்படி வந்தவர் பின்னர் அரசனுக்கு அஞ்சாது நின்றதிலே வியப்பென்ன? வயிற்றுக்குள்ளே பற்றிய நெருப்பைத் திருவருளால் கடந்தவருக்கு நீற்றறை புதிதன்று. அவர் உயர்ந்த பின்பும் கையிலிருந்து உழவாரப்படையைக் கீழே வைக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று கோயில் வீதிகளிலே புல்லைச் செதுக்கினார். திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபோது இறைவன் அவருக்கும் திருஞானசம்பந்த சுவாமிகளுக்கும் நாள்தோறும் படிக்காசு வைத்தருளினார். சம்பந்தருடைய காசுக்குக் கடைக்காரர் வட்டம் கேட்டனர்; அப்பருடைய காசு வட்டமின்றிச் செல்லுபடியாயிற்று. அவர் கையினாலும் தொண்டு செய்தவர் என்பதே அதற்குப் பெரியோர் சொல்லும் காரணம். கடைசியிலே திருப்புகலூரில், அவர் உழவாரப்படை பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் தோன்றின. அவர் அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்து வாரிக் குளத்திலே எறிந்தார். நீற்றறைக்கு அஞ்சாதவரைப் பொன்னாலும் அசைக்க முடியவில்லை. நாள்தோறும் புல்லையும் கல்லையும் வாரி எறிந்து பழகிய கைக்குப் பொன்னும் ஒரு கல்லாயிற்று.

அன்பர்களே! இது புராணத்திலே மாத்திரம் உள்ள உண்மையன்று. நம்முடைய ஈழநாட்டுச் சைவர்களின் சரித்திரமும் இதையே சொல்கின்றது. 1619 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது. 1621 ஆம் ஆண்டிலே நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. அடுத்து வந்த சில ஆண்டுகளுக்குள் திருக்கோணேச்சரமும் இடிக்கப்பட்டது. 1658 ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் வந்தனர். வெளிப்படையான வழிபாட்டுக்கு இடமில்லாமற் போயிற்று. கோபுரம் போயிற்று, தேர் போயிற்று, திருவிழாப் போயிற்று. எஞ்சியது என்ன? அடுப்படியிலே ஒரு தாய் காத்த விரதம் எஞ்சியது. விரதச் சோறு உண்ட வாழையிலையை வெளியே எறிந்தால் காட்டிக்கொடுக்கும் என்று கூரையிலே செருகி மறைத்து வைத்தார்கள் என்று நம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அந்த இலை எவ்வளவு சிறிய பொருள்! ஆனால் இராச்சியத்தால் காக்க முடியாததை அந்த இலை காத்தது.

1822 ஆம் ஆண்டிலே நல்லூரிலே பிறந்த ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, அங்கே பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் இருந்தார்கள். ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளாக விளக்கு முற்றாக அணைந்திருந்தால் நாவலர் எதைத் தூண்டுவார்? அவருடைய பெருமையைக் குறைத்துச் சொல்லவில்லை. அவரைப் போன்ற ஒருவர் வந்து தூண்டுவதற்குத் திரியிலே எண்ணெய் வைத்திருந்தவர்கள் பெயர் தெரியாத குடும்பத்தவர்கள் என்றே சொல்கின்றோம். பின்னர் ஊர் ஊராகச் சைவ பாடசாலைகள் எழுந்தபோது, சமைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துப் பெட்டியிலே போடும் பிடியரிசி வழக்கம் எத்தனையோ தருமங்களைத் தாங்கியது. ஒரு பிடி அரிசியால் குடும்பம் கெட்டுவிடாது. ஆயினும் பானையிலே அரிசி குறைந்த நாளிலும் அந்தப் பிடியை எடுத்த தாய்க்கு அது சோதனையே. அதிபத்தருடைய ஒற்றை மீனும் அந்தத் தாயின் ஒரு பிடி அரிசியும் ஒன்றே என்க.

திருக்கோணமலையிலே மண்ணுக்குள் மறைந்திருந்த திருவுருவங்கள் 1950 ஆம் ஆண்டிலே கிணறு வெட்டும்போது வெளிப்பட்டன. 1963 ஆம் ஆண்டிலே அங்கே மீண்டும் கும்பாபிஷேகம் நடந்தது. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் கோயில் இல்லாத அந்தக் குன்றிலே மக்கள் மலையையும் கடலையும் நோக்கிப் பூவும் கற்பூரமும் காட்டி வந்தனர். கோயில் மீண்டும் எழுந்ததற்கு அந்த நினைவும் ஒரு காரணமன்றோ?

நம்முடைய சமய ஆசாரங்களை அமைத்த பெரியோர் இந்தப் படிமுறையை நன்கு அறிந்திருந்தனர். கந்தசஷ்டி விரதத்தை எடுத்துக்கொள்வோம். சிறு பிள்ளையை ஆறு நாளும் பட்டினி இருக்கச் சொல்வதில்லை. முதலிலே மத்தியானம் வரைக்கும் இருக்கச் சொல்வார்கள். மறுவருடம் ஒரு பொழுது. சில வருடங்களுக்குப் பின் பாலும் பழமும். உடம்பும் மனமும் பழகிய பின்னரே கடும் விரதம். கிழக்கு மாகாணத்துப் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலிலே தீமிதிப்பு நடைபெறுவதை அறிவீர்கள். தீயை மிதிப்பது கடைசி நாளிலேதான். அதற்கு முன் பதினெட்டு நாட் சடங்கு உண்டு. நியமமும் நோன்பும் உண்டு. தீயைக் கண்டு மருள்பவர்கள் அந்த நோன்பைக் காண்பதில்லை. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்களும் அப்படியே. குமனைக் காட்டையும் யாலைக் காட்டையும் கடக்கும் நெஞ்சுரம் காட்டுக்குள்ளே கிடைப்பதன்று. அதற்கு முன் வாரக்கணக்காகக் கடற்கரை வெயிலிலே நடந்து, கிடைத்ததை உண்டு, கோயில் வாசலிலே படுத்துறங்கிய நாட்கள் கொடுத்த உரம் அது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நமது சாத்திரம் வகுத்த நான்கு படிகளிலும் முதற்படி யாது? கோயிலைக் கூட்டுதலும் மெழுகுதலும் விளக்கிடுதலுமேயாம். ஞானத்தைத் தேடுபவனும் துடைப்பத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பதாயிற்று.

இங்கே இளைஞர்கள் இரண்டு வினாக்களைக் கேட்கக்கூடும். அவை கேட்கவேண்டிய வினாக்களே.

“இறைவன் எல்லாம் அறிந்தவனாயின் நம்மை ஏன் சோதிக்க வேண்டும்?” என்பது முதல் வினா. இறைவன் அறிவதற்காகச் சோதிக்கவில்லை. நாம் நம்மை அறிவதற்காகவே சோதனை வருகின்றது. ஆணவ மலத்தின் இயல்பு மறைத்தலாம். அது நமது குறையை நமக்கே மறைத்து வைத்திருக்கின்றது. பொறுமைசாலி என்று எண்ணிக்கொண்டிருப்பவன் கந்தோரிலே மேலதிகாரி ஒரு சொல் சொன்னவுடன் தன்னை அறிகின்றான். பற்றில்லாதவன் என்று எண்ணிக்கொண்டிருப்பவன் காணி எல்லையிலே வேலி ஒரு முழம் நகர்ந்தவுடன் தன்னை அறிகின்றான். நமது சாத்திரங்கள் அறக்கருணை, மறக்கருணை என்று இரு வகை சொல்லும். பாலூட்டும் தாயே கசப்பு மருந்தும் புகட்டுகின்றாள். கொடுக்கும்போது பிள்ளை தாயை வெறுக்கின்றது. ஆயினும் இரண்டும் ஒரே கையிலிருந்தே வருகின்றன.

இரண்டாவது வினா இதிலும் கடினமானது. “சோதனை பக்தியை வளர்க்கும் என்கிறீர்கள். துன்பத்தாலே மனம் உடைந்து, தெய்வமே இல்லையென்று சொன்னவர்களையும் கண்டிருக்கின்றோமே?” என்பது அது. உண்மைதான். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசியிலே வலிகாமத்து மக்கள் ஒரே இரவிலே கையிலகப்பட்டதை எடுத்துக்கொண்டு தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆந் திகதி கடல் பொங்கி எழுந்து நம் கரையோர ஊர்களிலே குடும்பங் குடும்பமாகக் கொண்டுபோயிற்று. 2009 ஆம் ஆண்டிலே வன்னியிலே மக்கள் பட்டதைச் சொல்ல நாக்கு எழாது. பிள்ளையைக் கடலுக்கோ போருக்கோ கொடுத்த ஒரு தாயிடம் சென்று, “இது உனக்கு வந்த சோதனை, உன் பக்தியை வளர்க்க வந்தது” என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு? ஒருவருக்கும் இல்லை. சோதனை என்னும் சொல் ஒருவன் தன்னை நோக்கிச் சொல்ல வேண்டியது. பிறரை நோக்கிச் சொல்ல வேண்டியதன்று. பிறர் துன்பத்தைக் காணும்போது அது அவருக்கு வந்த பாடமென்று விளக்கம் கூறுவது சைவமன்று. தண்ணீர் கொண்டு ஓடுவதே சைவம். 1877 ஆம் ஆண்டளவிலே யாழ்ப்பாணத்திலே பஞ்சம் வந்தபோது நாவலர் கன்மத்தைப் பற்றிப் பிரசங்கித்துக்கொண்டு இருக்கவில்லை, கஞ்சித்தொட்டி வைத்தார்.

துன்பம் தானாகவே ஒருவரையும் உயர்த்திவிடாது என்பதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். சூளையின் நெருப்பு உலர்ந்த பானையை உறுதியாக்குகின்றது. ஈரப்பானையை வெடிக்கச் செய்கின்றது. நெருப்பு ஒன்றே. வேறுபாடு முன்னே நிகழ்ந்த ஆயத்தத்திலே இருக்கின்றது. அதுவும் முழு உண்மையன்று. நன்றாக உலர்ந்த பானையும் சிலவேளை வெடிப்பதுண்டு. அப்படிப்பட்டவரைப் பக்தி குறைந்தவர் என்று சொல்லிவிடலாகாது. தம்பி அழுதிராவிடின் திலகவதியாரும் அன்று உயிரை விட்டிருப்பார். மனம் உடைந்தவரைத் தாங்குவதற்கு ஒரு குரல் வேண்டும். ஒரு கை வேண்டும். அந்தக் குரலாகவும் கையாகவும் இருப்பதற்கே சங்கம் என்பதொன்று இருக்கின்றது. ஆண்டுதோறும் விழா எடுத்து மலர் வெளியிடுவது மட்டுமே நமது நோக்கமாயின் நாம் கூடியதற்குப் பயனில்லை.

ஆகவே, இளைஞர்களே, நாம் செய்யத் தக்கவை யாவை? பெரியனவாக ஒன்றும் சொல்லப் போவதில்லை.

முதலாவது, ஒரு நியமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று போதும். விடியற்காலையிலே நீறு பூசித் திருவைந்தெழுத்தை ஓதுவதாயினும் சரி, வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதாயினும் சரி, அது சிறியதாயிருக்கட்டும். ஆனால் அதற்கு விடுமுறை வேண்டாம். பரீட்சை நாளிலும் அது நடக்க வேண்டும். பரீட்சையிலே தவறிய நாளிலும் அது நடக்க வேண்டும். அந்த இரண்டாவது நாளே உங்கள் ஒற்றை மீன் நாள்.

இரண்டாவது, கையால் ஒரு தொண்டு செய்யுங்கள். கோயிலுக்குப் பணம் கொடுப்பவர் பலர். வெளிநாட்டிலிருந்தும் உறவினர் அனுப்புகின்றனர், கோபுரங்கள் உயர்கின்றன, அது நல்லதே. ஆனால் வீதியிலே நெருஞ்சி முள் மண்டிக்கிடக்கின்றது. அப்பர் சுவாமிகளுடைய காசுக்கு வட்டம் இல்லாமற் போனது எதனாலே என்பதை நினைவில் வையுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்தவர் எல்லோரும் மண்வெட்டியும் கடகமுமாகக் கோயில் வீதிக்கு வரலாம்.

மூன்றாவது, நாள் ஒன்றுக்கு ஒரு சொல்லைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பஸ் வண்டியிலே ஒருவர் இடித்துவிட்டு நம்மையே ஏசுகின்றார். வீட்டிலே மூத்தவர் நியாயமின்றிக் கோபிக்கின்றார். கையிலுள்ள தொலைபேசியிலே முகந்தெரியாத ஒருவர் நம் சமயத்தையே இழித்து எழுதுகின்றார். திருப்பிச் சொல்லப் பத்துச் சொல் நாவிலே நிற்கும். அவற்றுள் ஒன்றையாவது விழுங்கிப் பழகுங்கள். கோழையாக இருக்கும்படி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்திலே அப்பர் அரசனுக்கே அஞ்சாது விடை சொன்னார். ஆனால் எல்லா இடத்திலும் சீறுபவனுக்குச் சீற வேண்டிய இடத்திலே சொல் வலியற்றுப் போகும்.

நான்காவது, ஒருவரும் பாராத இடத்திலே நேர்மையாக இருங்கள். கடையிலே தராசு பிடிப்பவர் தராசிலும், கந்தோரிலே கணக்கு எழுதுபவர் கணக்கிலும், மாணாக்கர் விடைத்தாளிலும் இதைக் காக்கலாம். திருநீலகண்டர் ஆணையைக் காத்தது வீட்டுக்குள்ளே. அது வெளிப்பட்டது சபையிலே. பத்து ரூபாயிலே பொய் சொல்லப் பழகியவன் பத்து இலட்சம் வரும்போது உண்மை சொல்வான் என்று எதிர்பார்க்க முடியாது.

இவற்றைச் செய்தால் உங்களுக்குப் பெரிய பதவி கிடைக்கும், வெளிநாட்டு விசா கிடைக்கும், பரீட்சையிலே முதற் பிரிவு கிடைக்கும் என்று நாம் வாக்குக் கொடுக்க மாட்டோம். பக்தி வியாபாரமன்று. அதிபத்தர் பொன்மீன் வரும் என்று எண்ணி ஒற்றை மீனை விடவில்லை. பொன்மீன் வந்தபோது கூலியென்று எண்ணி அதை எடுக்கவுமில்லை. நாம் சொல்வது இவ்வளவே. நம் ஒவ்வொருவருக்கும் பெருஞ் சோதனை ஒன்று ஒரு நாள் வரும். நோயாகவோ, பிரிவாகவோ, அச்சமாகவோ, ஆசையாகவோ அது வரலாம். வரும் நாளை நமக்கு அறிவித்துவிட்டு வராது. அந்த நாளிலே புதிதாகப் பக்தியைச் சேகரிக்க நேரம் இராது. பெட்டியிலே முன்னரே போட்ட பிடியரிசிதான் அன்று உலையிலே ஏறும்.

இந்த மண்டபத்தை விட்டுப் போகும்போது வாசலிலே செருப்புத் தேடும் நெருக்கத்திலேயே உங்களுக்கு இன்றைய முதற் சோதனை காத்திருக்கக்கூடும். அதனைச் சிறியது என்று தள்ளிவிடாதீர்கள். நாளைக் காலையிலே ஒருவரும் அறியாமல் ஒரு சிறு நியமத்தைத் தொடங்குங்கள். அடுத்த ஆண்டு விழாவிலே நாம் கூடும்போது அதைப் பற்றி ஒருவரும் ஒருவரிடம் கேட்கப்போவதில்லை; ஆயினும் ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சிலே அறிவோம்.

சிறிய பணிகளிலே நம்மைப் பழக்கிப் பெரிய இடர்களிலே நம்மைத் தாங்கியருளும் அம்பலவாணப் பெருமானுடைய திருவடிகளை வணங்கி, இடருற்றோர் யாவருக்கும் அப்பெருமான் ஆறுதல் தந்தருளும்படி வேண்டி, இச்சொற்பொழிவை நிறைவு செய்கின்றோம்.

சிவமயம்.